வீட்டுக்குள் ஓர் ஆல்



சென்ற மாதம் இதே நேரத்தில் வருமான வரிப் படிவம் நிரப்புவது பற்றிப் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் வென்வேர்த்வில்லில் இருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். வரி பற்றி இரண்டு கேள்வி கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "தம்பி, இன்னொன்று கேக்கலாமோ? மகள் வாங்கித் தந்த சாடி மரம் ஒன்று கிடக்கு. ஹோலுக்க இருந்ததை யன்னல் பக்கம் மாத்தி வைச்சன். ஒரு கிழமையில இலையெல்லாம் கொட்டிப் போச்சு. மகள் வந்தா நான் என்ன சொல்லுறது?" என்றார். மரத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா என்று கேட்டேன். "ஓம், வெள்ளைப் பால்" என்றார்.

என்ன மரம் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. கணக்காளருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த மரத்தால் நான் பட்ட பாட்டிலே படித்ததுதான். ஆகவே இந்த மாதம் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் வீடுகளிலே அழகுக்காக வளர்க்கும் ஆல் இன மரங்களைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். பேச்சின் முடிவிலே கணக்கும் வரும், பயப்பட வேண்டாம்.

ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் ஒரே குடும்பம் என்பது எங்களுக்குத் தெரியும். தாவரவியலார் இந்த இனத்தை பைக்கஸ் என்பார்கள். உலகத்திலே ஏறத்தாழ 800 வகை உண்டு. எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஆலடி, அரசடி, அத்தியடி, ஆலங்கேணி, ஆலங்குளாய் என்று ஊருக்கே பெயர் கொடுத்த மரங்கள் இவை. இங்கே கடைகளில் சாடியில் விற்கும் 'வீப்பிங் பிக்' என்பதும் இந்தக் குடும்பம்தான். அதன் பெயர் பைக்கஸ் பெஞ்சமினா. இந்தியாவிலிருந்து இந்த அவுஸ்திரேலியாவின் வடபகுதி வரைக்கும் இயற்கையாக வளர்வது. பெரிய வயலின் போன்ற இலையுடைய 'பிடில் லீவ் பிக்' மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. 'இறப்பர்ச் செடி' என்று விற்பதும் ஆல் இனமே. களுத்துறையிலும் கேகாலையிலும் தோட்டங்களில் பால் வெட்டும் இறப்பர் மரம் வேறு, இது வேறு. அடிவேர் கிழங்கு மாதிரிப் பருத்து, 'ஜின்செங் பைக்கஸ்' என்று உள்ளங்கை அளவில் விற்கிறார்களே, அதற்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? சிட்னி ஹைட் பார்க்கிலே ஆர்ச்சிபோல்ட் நீரூற்றிலிருந்து போகும் நடைபாதையின் இரண்டு பக்கமும் வானத்தை மூடி நிற்கின்ற அந்தப் பெருமரங்கள்தான்.

இன்னுமொன்றையும் சொல்ல வேண்டும். சிட்னித் துறைமுகத்தின் பழைய பெயர் போர்ட் ஜாக்சன். அந்தப் பெயரில் ஒரு ஆல் இருக்கிறது. பாறை வெடிப்பில் வேர் விட்டு, பாறையையே கட்டிப் பிடித்து வளரும். அதே போர்ட் ஜாக்சன் ஆலைக் கன்பராவிலுள்ள தேசிய மரப்பூங்காவில் போன்சாயாக, ஒரு தட்டத்துக்குள்ளே அடக்கி வளர்த்து வைத்திருக்கிறார்கள். கன்பரா போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஒரே மரம், வெளியே பாறையைப் பிளக்கிறது, உள்ளே தட்டத்துக்குள் நிற்கிறது. வித்தியாசம் மரத்திலே இல்லை. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதிலேதான் இருக்கிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்த விடயமும் இதுதான்.

முதலில் அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

பெஞ்சமினாவுக்கு இடம் மாறுவது பிடிக்காது. கடையிலிருந்து வீட்டுக்கு வந்தாலும் இலை கொட்டும், ஹோலிலிருந்து யன்னலுக்குப் போனாலும் கொட்டும். பட்டுப்போனது என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். நகத்தால் கிளையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை கொட்டுகிறதே என்று தண்ணீரை அள்ளி ஊற்றுவதுதான் நாங்கள் எல்லோரும் விடுகிற பிழை. இலை குறைந்த மரம் தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். திரும்ப இடம் மாற்றாமல், தண்ணீரைக் குறைத்து, பொறுமையாக இருங்கள். சில கிழமைகளில் புதுத் துளிர் வரும். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொன்னேன்.

இனி, வளர்க்கும் முறை. வெளிச்சம் நன்றாக வேண்டும். ஆனால் கொளுத்தும் வெயில் கண்ணாடிக்கூடாக நேரே இலையில் பட்டால் கருகும். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும் என்பதை நினைவில் வையுங்கள். ஊரிலே பழகிய திசைக் கணக்கு இங்கே சரிவராது. கிழக்குப் பார்த்த யன்னல் நல்லது. வடக்கு யன்னலாக இருந்தால் கோடையில் மெல்லிய திரைச்சீலை போடுங்கள். மெல்பேணில் இருப்பவர்கள் மாரி காலத்தில் கிடைக்கும் வெளிச்சம் எல்லாவற்றையும் கொடுக்கலாம். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை சாடியை நின்ற இடத்திலேயே கொஞ்சம் திருப்பி விட்டால் ஒரு பக்கம் சாயாமல் வளரும்.

தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வைக்காதீர்கள், விரலை வையுங்கள். மேல்மண் இரண்டு விரற்கணு ஆழத்துக்குக் காய்ந்திருந்தால், அடித்துளையால் வழியும்வரை ஊற்றுங்கள். வழிந்து கீழ்த் தட்டிலே நிற்கும் தண்ணீரைக் கொட்டி விடுங்கள். தட்டிலே தண்ணீர் நின்றால் வேர் அழுகும். கோடையில் கிழமைக்கு ஒரு தடவை தேவைப்படுகிற மரத்துக்கு, மாரியில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை போதுமாக இருக்கும்.

குளிரைப் பொறுத்தவரையில், 10 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இந்த மரம் சங்கடப்படும். பல்கனியில் வைத்திருப்பவர்கள் யூன் மாதத்துக்கு முன்னர் உள்ளே எடுத்து விடுங்கள். உள்ளே எடுத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. மெல்பேண் வீடுகளில் தரையிலிருந்து சூடான காற்று வருகிற துவாரம் இருக்குமே, அதற்கு மேலே வைத்தால் இலை முழுவதும் காய்ந்து கொட்டும்.

பசளையை செப்ரெம்பரில் ஒரு தடவை, கோடை நடுவில் ஒரு தடவை, மெதுவாகக் கரையும் மணிப் பசளையாகப் போட்டால் போதும். மாரியில் வேண்டாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, வசந்த காலத்தில் சாடியை விட்டு எடுத்து, சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும் வேரைக் கொஞ்சம் கத்தரித்து, புதுமண் போட்டு வையுங்கள். கொப்பையும் அப்போதே அளவாகக் கத்தரிக்கலாம். பெரிய மரமாக வேண்டாம் என்றால் அதே சாடி போதும். வளர வேண்டும் என்றால் ஒரு அளவு மட்டும் பெரிய சாடி. இலையின் அடியில் பழுப்பு நிறச் செதில் மாதிரி ஒட்டியிருந்தாலும், பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தாலும் அது பூச்சி. மெதிலேற்றட் ஸ்பிரிற்றில் பஞ்சை நனைத்துத் துடைத்து எடுங்கள். தரையும் இலையும் பிசுபிசுத்தால் பூச்சி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. அந்த வெள்ளைப் பால் சிலருக்குத் தோலிலே கடியைக் கொடுக்கும். இறப்பர்க் கையுறை ஒத்துவராதவர்கள் விசேடமாகக் கவனமாக இருக்க வேண்டும். கத்தரிக்கும்போது கையுறை போடுங்கள், கண்ணிலே கை வைக்காதீர்கள். பூனை, நாய், தவழும் குழந்தை உள்ள வீடென்றால் இலை எட்டாத இடத்திலே வையுங்கள்.

நேயர்களே, இவ்வளவும் எந்தத் தோட்டக் கடையிலும் சொல்லுவார்கள். இனிச் சொல்லப் போவது எனது சொந்தக் கதை.

2003 ஆம் ஆண்டு சிட்னியின் மேற்கிலே நாங்கள் முதல் வீடு வாங்கினோம். 1960களில் கட்டிய வீடு. குடிபூரலுக்கு ஒரு நண்பர் சாடியில் பெஞ்சமினா ஒன்று கொண்டு வந்தார். 25 டொலர் விலைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது. அம்மா இலையைக் கிள்ளிப் பார்த்தார். "தம்பி, இது ஆல் இனமெல்லோ. வீட்டோட வைக்கக் கூடாது" என்றார். நான் வணிகமாணி படித்தவன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவன். அம்மா ஊர் மூடநம்பிக்கையை இங்கேயும் கொண்டு வந்திருக்கிறார் என்று சிரித்தேன். சாடிக்குள்ளே மரம் வாடுகிறதே என்று பரிதாபப்பட்டு, அடுத்த வருடம் பின்வளவிலே, சுவரிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி நட்டேன்.

வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்த்தி. ஐந்து வருடத்தில் கூரையைத் தாண்டியது. நல்ல நிழல். மாலையில் அம்மா அதன் கீழே கதிரை போட்டு இருந்து இந்த வானொலியைத்தான் கேட்பார். வீட்டோடு வைக்கக் கூடாது என்றவரே அதன் கீழே போய் இருந்தார். நானும் வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

2014 இல் ஒரு நாள் குளியலறைத் தண்ணீர் போகாமல் திரும்பி மேலே வந்தது. பிளம்பர் குழாய்க்குள் கமெராவை விட்டுக் காட்டினார். பழைய சுட்டமண் குழாய். ஒவ்வொரு பொருத்திலும் தலைமயிர்க் கற்றை மாதிரி வேர். ஆல் வேர் நல்ல குழாயை உடைத்துக்கொண்டு உள்ளே போவதில்லை. ஆனால் பழைய பொருத்திலே சிறு கசிவு இருந்தால், அந்த ஈரத்தைத் தேடிப் பிடித்து உள்ளே போய், பிறகு பருத்து உடைக்கும். அதே காலத்தில் பக்கத்து வீட்டு இத்தாலியர் வந்து கதவைத் தட்டினார். தன்னுடைய கார்ப் பாதையின் கொங்கிறீற் எழும்பி வெடித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். "பார்க்கிறேன்" என்று சொன்னேன். நான்கு மாதம் பார்க்கவில்லை. இரண்டாம் தரமும் வந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. வேலிக்கு மேலாலே கை காட்டுவதையும் நிறுத்திவிட்டார்.

கணக்கு வரும் என்று சொன்னேன் அல்லவா? இதோ. மரம் 25 டொலர். குழாய் மாற்றியது 3,800 டொலர். கவுன்சிலிடம் அனுமதி எடுத்து மரத்தைத் தறித்து, அடிக்கட்டையைக் கிளறி எடுத்தது 1,900 டொலர். அயலவரின் கொங்கிறீற்றைத் திருத்தியது 1,200 டொலர். மொத்தம் 6,925 டொலர். ஐந்தொகையிலே சொத்துப் பக்கம் பதிந்து வைத்த ஒன்று, பதினொரு வருடத்தில் பொறுப்புப் பக்கம் போய்விட்டது. அந்த நான்கு மாதம் அயலவர் என்னோடு கதைக்காமல் இருந்ததை எந்தப் பக்கத்தில் பதிவது என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஆகவே வளவிலே மரம் நடுகிறவர்கள் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, நடுவதற்கு முன்னர் உங்கள் காணியிலே கழிவுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சிட்னியிலே சிட்னி வோட்டரிடம் கட்டணம் கட்டி அந்த வரைபடத்தை எடுக்கலாம். உங்கள் காணிக்குள்ளே ஓடுகிற உங்கள் வீட்டுக் குழாய்க்கு நீங்கள்தான் பொறுப்பு. இரண்டு, வளர்ந்த மரத்தை நினைத்தபடி தறிக்க முடியாது. எந்த மரத்துக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். கேட்காமல் வாளை எடுத்தால் தண்டம் வரலாம். மூன்று, அயலவரின் சொத்துக்கு உங்கள் மரம் சேதம் செய்தால் அது சட்டப் பிரச்சினை. நியூ சவுத் வேல்சிலே அயலவருக்கிடையிலான மரப் பிணக்குகளுக்கென்றே 2006 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. காணி, சுற்றாடல் நீதிமன்றத்துக்குப் போகலாம். மெல்பேண் நேயர்கள் முதலில் உங்கள் கவுன்சிலில் விசாரியுங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், அயலவர் கதவைத் தட்டும்போதே போய்ப் பாருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆல் இனத்துக்கு எனது ஆலோசனை சாடிதான். சாடியிலே வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சாடியை வெறும் மண்ணிலே வைத்தால், அடித்துளையால் வேர் இறங்கி, ஓரிரு வருடத்தில் நிலத்து மரம் ஆகிவிடும். கல்லுக்கு மேலேயோ, சில்லுப் பூட்டிய பலகைக்கு மேலேயோ வைத்து, மாதம் ஒரு தடவை அசைத்துப் பாருங்கள்.

மரத்தைத் தறிக்கப் போகிறோம் என்றதும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னனான்" என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு சின்னக் கத்தியும் பொலித்தீன் பையும் கேட்டார். பென்சில் மொத்தத்தில் இரண்டு கொப்பைத் தெரிந்தெடுத்து, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தார். வடிந்த பாலைத் துணியால் ஒற்றினார். ஈரத் தும்பை வைத்துப் பொலித்தீனால் சுற்றி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டினார். ஊரிலே மாதுளைக்கும் எலுமிச்சைக்கும் போடுகிற அதே பதியம்தான். தும்பு தோட்டக் கடையில் வாங்கியது, பொதியிலே 'இலங்கைத் தயாரிப்பு' என்று இருந்தது. ஒக்ரோபரில் கட்டியது, டிசெம்பரில் பொலித்தீனுக்குள்ளால் வெள்ளை வேர் தெரிந்தது. கட்டுக்குக் கீழே வெட்டிச் சாடியில் வைத்தார். ஒன்று எங்களுக்கு, மற்றது பேத்திக்கு. 2015 தொடக்கத்தில் பெரிய மரம் போனது. அந்தக் கோடை முடிவதற்குள், வேலிக்கு மேலாலே ஒரு கிண்ணம் அத்திப்பழம் வந்தது, இத்தாலியரின் வளவில் பழுத்தது. அம்மா ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "இதுவும் அதின்ர சொந்தந்தான்" என்றார்.

நேயர்களே, எனது ஊர் வலிகாமம் வடக்கு. 1990 யூனிலே எழும்பி வந்தோம். பிறகு அது உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. 2018 இல் எங்கள் பக்கத்துக் காணிகள் விடுபட்டபோது, ஒன்றுவிட்ட தம்பி போய்ப் பார்த்து வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். கூரை இல்லை. குசினிச் சுவரிலே ஒரு அரசு. சுவரைப் பிளந்து, நிலத்துக்கு வேர் இறக்கி, வீட்டை விட உயரமாக நின்றது. யாரும் நட்டதல்ல. அத்தி இனத்தின் பூ காயின் உள்ளேதான் இருக்கிறது, அதனாலேதான் 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். உள்ளே விளைந்த நுண்ணிய விதையைக் குருவியும் வௌவாலும் தின்று, எச்சமாகச் சுவர் வெடிப்பிலே விட்டால் போதும், முளைத்துவிடும்.

அம்மாவுக்குப் படத்தைக் காட்டப் பயமாக இருந்தது. காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். "மரத்தில பிழையில்லை ராசா. ஆக்கள் இருந்திருந்தா, ரெண்டு இலை விடேக்கயே பிடுங்கியிருப்பம்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருடம் அம்மா காலமானார்.

மூடநம்பிக்கை என்று நான் சிரித்தேனே, அது மூடநம்பிக்கையே அல்ல என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இரண்டு இலையிலே பிடுங்கினால் விரல் போதும். இருபத்தெட்டு வருடம் விட்டால் வீடு போய்விடும். அதை அறிந்தவர்கள் ஒரு வரியிலே சொல்லி வைத்திருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தான். மாதம் ஒரு தடவை பார்க்கிறவர் பிழையை அழித்துத் திருத்துவார். பத்து வருடம் பார்க்காதவர் என்னைப் போன்ற ஒருவருக்குக் காசு கொடுப்பார்.

அம்மா பேத்திக்கென்று வைத்த மரம் இப்போது மகளின் அடுக்குமாடி வீட்டிலே இருக்கிறது. கொண்டுபோன மூன்றாம் நாளே, "அப்பா, இலை கொட்டுது" என்று படம் அனுப்பினாள். "இடம் மாறினால் அப்படித்தான். தண்ணியைக் குறைத்துவிட்டு, அசைக்காமல் விடு" என்று எழுதினேன். இப்போது அது அவளுடைய தோள் உயரம்.

முடிவாக ஒரு சின்ன வேலை தருகிறேன். இந்தச் சனிக்கிழமை வெளியே வந்து உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடவுங்கள். கூரைப் பீலியையும், சுவர் வெடிப்பையும், சாடிகளின் அடியையும் பாருங்கள். இங்கேயும் குருவியும் வௌவாலும் உண்டு. பளபளத்த இரண்டு இலை எங்காவது தெரிந்தால், விரலாலே பிடுங்கி ஒரு சின்னச் சாடியில் வையுங்கள். எறிய வேண்டாம். உங்களுக்கு ஒரு அழகு மரம் கிடைக்கும், வீடும் தப்பும்.

அடுத்த மாதம் ஓய்வூதியச் சேமிப்பு பற்றிய உங்கள் கேள்விகளோடு சந்திக்கிறேன்.